கூடத்துக்கு ஒரு பாட்டு, காதுக்கு ஒரு பாட்டு

ஐதராபாத், செகந்தராபாத் என்னும் இரட்டை நகரங்களில் வாழும் தமிழர் தொகை சிறிதன்று. கண்டோன்மெண்டு ஏற்பட்ட நாளில் படையோடும் வணிகத்தோடும் வந்து தங்கியோரின் வழியினர் உளர். இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியேற்று வந்து, மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் வீடு கட்டிக்கொண்டோர் உளர். கணிப்பொறித் தொழிலை நாடி அண்மைக் காலத்தில் கொண்டாப்பூரிலும் கச்சிபௌலியிலும் குடியேறிய இளைஞரும் உளர். இம்மூவகையினரும் ஒரே கூரையின் கீழ் அமர்வது பொங்கல் விழாவிலோ, புத்தாண்டு விழாவிலோ, ஒரு திருமண வரவேற்பிலோதான். முன்னாளில் அத்தகைய கூட்டத்துக்கு மைக்செட்காரர் இசைத்தட்டுப் பெட்டியோடு வருவார். பின்னர்ப் பெரிய பெரிய ஸ்பீக்கர்களை ஏற்றிய வண்டிகள் வந்தன. இன்றோ, சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மகனோ மகளோ டேப்லெட் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, மேடையின் ஓரத்தில் ஒரு மேசையை இழுத்துப் போட்டு, அன்றைய மாலையின் இசை முழுவதையும் தாமே நடத்திவிடுகின்றனர். இதனை டி.ஜே. செய்தல் என்பர்.

பெரியோர் சிலர் இதனைப் பாட்டுப் போடும் வேலை என்று எளிதாக எண்ணிவிடுவர். பாட்டுப் போடுவது எளிதுதான். ஒரு பாட்டு முடியுமுன் அடுத்த பாட்டைத் தாளம் பிசகாமல் அதனோடு கோத்துவிடுவது எளிதன்று. அதற்கு, அடுத்து வரவிருக்கும் பாட்டைப் போடுபவர் ஒருவர் மட்டும் முன்கூட்டிக் கேட்டாக வேண்டும். கூடத்தில் இருக்கும் வேறெவர் காதிலும் அது விழக்கூடாது. பெட்டியளவு கருவிகளில் இதற்கான ஏற்பாடு உள்ளேயே அமைந்திருக்கிறது. டேப்லெட்டில் அது இல்லை. நாம்தான் அமைத்துக்கொள்ள வேண்டும். இவ்வமைப்பை அறியாமல் மேடையேறியதால், நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் இரண்டு பாட்டு ஒருசேர ஒலித்து நாணும்படி ஆன இளைஞர் பலர். அவ்விடர் நேராமல் காக்கும் வழியையே இங்கு விரித்துரைக்கப் புகுகிறோம்.

முன்கூட்டிக் கேட்கும் இவ்வழக்கத்தைத் தொழில் மொழியில் 'கியூ' என்பர். நம் தெருக்கூத்தை ஒரு முறையேனும் கண்டவர்க்கு இதன் கருத்து எளிதில் விளங்கும். வேடம் புனைந்த நடிகர் திடீரென்று அவையில் தோன்றிவிடுவதில்லை. இருவர் திரை பிடிப்பர். அதன் பின்னே அவர் நின்று, தாளத்தையும் சுருதியையும் தமக்குள் பொருத்திக்கொண்டு, உரிய அடி விழும்போதுதான் வெளிப்படுவார். டி.ஜே. அணியும் ஹெட்போன் அத்தகைய திரைதான். கூடத்தில் ஒரு பாட்டு ஆடிக்கொண்டிருக்கையில், மற்றொரு பாட்டு அத்திரைக்குப் பின்னே வேடம் தரித்துக் காத்திருக்கிறது.

வேடிக்கை என்னவெனில், இந்த நுட்பம் நடனக் கூடத்தில் பிறந்ததன்று. வானொலி நிலையத்தில் பழகியது. 'டிஸ்க் ஜாக்கி' என்னும் பெயரே முதலில் அமெரிக்க வானொலிகளில் இசைத்தட்டு வைத்து அறிவிப்புச் செய்தோர்க்கு வழங்கியதுதான். ஐதராபாத்தில் 1935இல் நிஜாம் அரசின் பொறுப்பில் தக்காண வானொலி இயங்கத் தொடங்கியது. 1950 ஏப்ரல் முதல் நாளில் அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. இசைத்தட்டுக் காலத்தில் வானொலி நிலையங்களில் பணியாற்றியோரின் கைப்பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தட்டில் ஊசியை வைத்து, ஒலிபரப்பில் சேராத தனிச் சுற்று ஒன்றின் வழியே பாட்டின் முதல் ஒலி எங்கே எழுகிறது என்று கேட்பர். பிறகு தட்டைக் கையால் பின்னோக்கி அரைச் சுற்று திருப்பி நிறுத்துவர். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். எனவே அரைச் சுற்றுக்கு 0.9 விநாடி. தட்டு நின்ற நிலையிலிருந்து முழு வேகம் பெறுவதற்குள் பாட்டுத் தொடங்கினால் முதற் சொல் இழுபட்டு முனகும். அது நேராதிருக்கவே இந்த அரைச் சுற்று. அறிவிப்பாளர் பேசி வாய் மூடவும் பாட்டு எழவும் சரியாக இருந்ததே என்று வியந்து கேட்டோமே, அதன் மறைபொருள் இதுதான். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கு நகர நடனக் கூடமொன்றில் பிரான்சிஸ் கிராசோ என்பார் இரண்டு தட்டுகளையும் ஒரு ஹெட்போனையும் வைத்துக்கொண்டு இக்கலையை நடனத்துக்கு உரியதாக்கினார். மிக்சர் என்னும் கலவைப் பெட்டியில் கியூவுக்கெனத் தனி விசை அமைந்ததும் அக்காலத்தில்தான். ஐபேடு விற்பனைக்கு வந்தது 2010இல். அவ்வாண்டு முடிவதற்குள் இரண்டு தட்டுகளையும் அதன் கண்ணாடித் திரையில் வரைந்து காட்டும் செயலி வந்துவிட்டது.

தட்டு இரண்டும் திரைக்குள் வந்தன. ஆனால் ஒலி வெளியேறும் வாயில் ஒன்றே ஒன்றுதான். சிக்கல் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. கூடத்துக்கு ஓர் ஒலியும் காதுக்கு ஓர் ஒலியுமாக இரண்டு ஒலிகள் வெளிவர வேண்டும். டேப்லெட்டில் உள்ளதோ ஒரு சிறு துளை. 2018க்குப் பின் வந்த பல டேப்லெட்டுகளில் அந்தத் துளையும் இல்லை. மின்னேற்றம் செய்யும் யு.எஸ்.பி.-சி வாயிலே ஒலிக்கும் வாயிலாகிவிட்டது. இச்சிக்கலைத் தீர்க்க வழிகள் இரண்டு உள. ஒன்று, இருக்கும் ஒரு வாயிலை நடுவே சுவர் எழுப்பி இரண்டாகப் பகுப்பது. மற்றொன்று, வெளியிலிருந்து இரண்டு வாயிலுள்ள கருவி ஒன்றைக் கொண்டுவந்து பொருத்துவது.

முதல் வழியை நோக்குவோம். ஹெட்போன் துளையில் வருவது உண்மையில் ஒரு மின்னோட்டமன்று. இடச் செவிக்கு ஒன்றும் வலச் செவிக்கு ஒன்றுமாக இரண்டு. பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். முனை, அதன்மேல் ஒரு வளையம், அடித்தண்டு என்று கருங்கோடுகளால் பிரிக்கப்பட்டு மூன்று பகுதிகள் தெரியும். முனை இடப்புறத்துக்கு, வளையம் வலப்புறத்துக்கு, அடித்தண்டு இரண்டுக்கும் பொது. (நான்கு பகுதிகள் தெரிந்தால் நான்காவது மைக்குக்கு உரியது.) செயலியின் அமைப்புகளில் ஒலி வெளியீட்டைப் பகுத்தல் என்னும் பொருள்பட ஒரு விசை இருக்கும், பெரும்பாலான செயலிகளில் அதற்கு 'ஸ்பிளிட்' என்று பெயர். அதனை முடுக்கினால், கூடத்துப் பாட்டின் இரு புறங்களும் ஒன்றாகக் கலந்து ஒரு கம்பியில் செல்லும். காதுக்குரிய பாட்டும் அவ்வாறே ஒன்றாகி மற்றொரு கம்பியில் செல்லும். எந்தக் கம்பி எதற்கு என்பது செயலிக்குச் செயலி மாறும். ஆதலின் வீட்டிலேயே ஹெட்போனை நேரே மாட்டி, எந்தச் செவியில் எது கேட்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது நலம்.

இதனால் ஸ்டீரியோ போய்விடுமே, மோனோ ஆகிவிடுமே என்று வருந்துவோர்க்கு ஒன்று சொல்வோம். திருமணக் கூடத்தில் இடப்புற ஸ்பீக்கரின் அருகே அமர்ந்திருப்பவர்க்கு வலப்புறத்து ஒலி சரியாகக் கேட்பதே இல்லை. ஸ்டீரியோவின் இன்பம் இரு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவில் அமர்ந்த இரண்டு மூன்று பேருக்குத்தான். 1970களின் பிற்பகுதியில் ஸ்டீரியோ முறை தமிழ்த் திரைப்பாடலுக்கு வந்தபோது, வயலின்கள் ஒரு புறமும் கிட்டார் மறு புறமுமாக ஒதுக்கி ஒலிப்பதிவு செய்த பாடல்கள் பல. அவற்றைக் கூடத்தில் ஸ்டீரியோவாக ஒலித்தால் பாதிப் பேர் வயலினை இழப்பர், பாதிப் பேர் கிட்டாரை இழப்பர். ஒன்றாகக் கலந்து ஒலித்தால் ஒருவரும் எதனையும் இழப்பதில்லை. சங்க விழாவுக்கு மோனோ குறையன்று; நம் கருத்தில் அதுவே தக்கது.

இனி இதற்கான கேபிள். ஐதராபாத்தில் இத்தகைய பொருள்களுக்குக் கோட்டியில் உள்ள குஜராத்தி கல்லி பேர்பெற்றது. ஸ்பீக்கர், ஆம்பிளிபயர், ஒயர், பின் என்று சந்து முழுதும் கடைகள். அங்குச் சென்று 'ஸ்பிளிட்டர் கொடுங்கள்' என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் நொடியும் தயங்காமல் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். பத்துக்கு ஒன்பது முறை அது தவறானதாக இருக்கும். குற்றம் அவருடையதன்று, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் கேபிள்கள் மூன்று உண்டு. முதலாவது, ஒரே பாட்டை இரண்டு பேர் இரண்டு ஹெட்போனில் கேட்பதற்கானது, இரண்டு கிளைகளிலும் ஒரே ஒலிதான் வரும், நமக்கு உதவாது. இரண்டாவது, ஒரு ஸ்டீரியோ பின்னிலிருந்து இடத்தையும் வலத்தையும் தனித்தனிக் கிளையாகப் பிரித்து, ஆம்பிளிபயரில் மாட்டும் இரண்டு ஒற்றைப் பின்களாகத் தருவது; சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும் பின்கள் பலரும் கண்டவையே. மூன்றாவது, டி.ஜே. தொழிலுக்கென்றே செய்தது; அதிலும் கிளை இரண்டுதான், ஆனால் ஒவ்வொரு கிளையிலும் ஒரு புறத்து ஒலி மட்டும் வந்து, அது ஹெட்போனின் இரு செவிகளுக்கும் பகிரப்படும். நமக்கு வேண்டியது இந்த மூன்றாவது. அது கிடைக்காவிடில், பற்றவைக்கத் தெரிந்த கடையில் உட்கார்ந்து செய்து வாங்கிவிடலாம்: முனையிலிருந்து வரும் கம்பியை ஒரு கிளைக்கும், வளையத்திலிருந்து வரும் கம்பியை மறு கிளைக்கும், அடித்தண்டை இரண்டுக்கும் பொதுவாகவும் இணைக்கச் சொன்னால் போதும். டேப்லெட்டில் ஹெட்போன் துளை இல்லையேல் யு.எஸ்.பி.-சி வாயிலில் மாட்டும் சிறு அடாப்டர் ஒன்றும் வேண்டும். மின்னேற்றமும் ஒலியும் ஒரே நேரத்தில் செல்ல இடமுள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குக. மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய விழா ஒன்பதரைக்குப் பாட்டரி தீர்ந்து நின்றுபோவதைவிடத் துயரம் வேறில்லை.

கேபிள் சரியாக அமைந்தும் ஒரு கண்ணி உண்டு. மண்டபத்து மிக்சரில் தடித்த பின் மாட்டும் துளைகள் இருக்கும். அவற்றுட் பல 'பேலன்ஸ்டு' வகையைச் சேர்ந்தவை. அவ்வகைத் துளை, பின்னின் முனையில் வருவதையும் வளையத்தில் வருவதையும் இடம், வலம் என்று கொள்வதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். நீண்ட கேபிளில் வழியிலே தொற்றிக்கொள்ளும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் இருக்குமாதலால், கழித்தால் அது மறைந்துவிடும் என்பது இவ்வமைப்பின் நோக்கம். மைக்குக்கு அது மிக நன்று. டேப்லெட்டின் ஸ்டீரியோ பின்னை அதில் மாட்டினாலோ விந்தைகள் நிகழும். சாதாரணப் பாட்டாயின், பாடுவோர் குரல் இரு புறமும் சம அளவில் இருப்பதால் கழிபட்டுப் போய், வாத்தியம் மட்டும் கேட்கும். 'பாடகரைக் காணோமே' என்று முதல் வரிசை மாமா எழுந்து வருவது இதனால்தான். ஒலியைப் பகுத்த நிலையில் நேரே மாட்டினால், கூடத்துப் பாட்டிலிருந்து காதுப் பாட்டைக் கழித்த மிச்சம், அதாவது இரண்டு பாட்டும் கலந்த குழப்பம் கேட்கும். டி.ஜே. கேபிளின் கிளையிலிருந்து ஸ்டீரியோ ஒயர் வழியே மாட்டினாலோ, இரண்டு புறமும் ஒன்றேயாதலால் ஒன்றிலிருந்து ஒன்று போய் ஏறக்குறைய ஒன்றுமே கேளாது.

இம்மூன்று நோய்க்கும் மருந்து ஒன்றே. மிக்சருக்குச் செல்லும் கடைசிப் பின் ஒரே ஒரு கருங்கோடுள்ள ஒற்றைப் பின்னாக இருக்க வேண்டும். குறி தெரிந்தவர் மருந்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. குரல் மறைந்தாலும், இரண்டு பாட்டுக் கலந்தாலும், மௌனம் நிலவினாலும், ஆம்பிளிபயரைக் குறை கூறுமுன் பின்னை உருவிக் கருங்கோட்டை எண்ணுக.

இரண்டாம் வழி, பணம் சற்றுக் கூடுதலாகும் வழி. ஒலிக்கென்றே உள்ள 'ஆடியோ இண்டர்பேஸ்' என்னும் சிறு பெட்டியை யு.எஸ்.பி. வாயிலில் இணைப்பது. ஸ்டீரியோவும் கெடாது, ஒலியும் தெளிவாகும், காதுக்கும் கூடத்துக்கும் ஒலியளவைத் தனித்தனித் திருகுகளால் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் இதிலும் ஏமாறுவோர் மிகுதி. பெட்டியில் ஹெட்போன் துளை இருப்பதைக் கண்டதும் வாங்கிவிடுவர். பல பெட்டிகளில் அத்துளை, ஸ்பீக்கருக்குச் செல்லும் அதே ஒலியைப் படியெடுத்துத் தருமேயன்றி வேறொன்றைத் தராது. வெளியேறும் தடங்கள் எத்தனை என்று பார்க்க வேண்டும். இரண்டு என்றிருந்தால் விட்டுவிடுக; நான்கு என்றிருந்தால் முதலிரண்டு கூடத்துக்கும் பின்னிரண்டு காதுக்கும் ஆகும். தனி மென்பொருள் ஏதும் நிறுவாமலே டேப்லெட்டுடன் இயங்கும் வகையா என்பதையும், டேப்லெட் தரும் சிறு மின்சாரம் அதற்குப் போதுமா என்பதையும் கடையிலேயே மாட்டிப் பார்த்து அறிந்துகொள்க. தட்டு, திருகு, தள்ளுவிசை எல்லாம் அமைந்த 'கண்ட்ரோலர்' பலகைகளிலும் இந்தச் சோதனை வேண்டும். சிலவற்றுள் ஒலிப்பகுதி உண்டு, சிலவற்றுள் விசைகள் மட்டுமே உண்டு. ஆண்டுக்கு மூன்று விழா நடத்தும் சங்கத்துக்கு இவையெல்லாம் தேவையில்லை என்பதே நம் எண்ணம். தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர் வாங்கட்டும்.

ஒயரே வேண்டாம், புளூடூத் ஹெட்போன் இருக்கிறதே என்று கேட்பர். பாட்டுக் கேட்பதற்கு அது நல்ல துணை, கியூவுக்கு ஆகாது. ஒலியைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, மறுபடி விரித்துக் காதில் சேர்ப்பதற்குள் சாதாரண புளூடூத் கருவிகளில் 0.2 விநாடி அளவுக்குக் கழிந்துவிடும். நிமிடத்துக்கு 120 அடி விழும் ஆட்டப் பாட்டில் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையே உள்ள நேரமே 0.5 விநாடிதான். ஏறக்குறைய அரை அடி பிந்திக் கேட்கும் காதை நம்பித் தாளம் சேர்ப்பது எங்ஙனம்? மேலும், பெரும்பாலான டேப்லெட்டுகளில் புளூடூத் இணைந்ததும் ஒயர் வழி அடைபட்டுவிடும்; இரண்டு வாயில் வேண்டுமென்று புறப்பட்டவர்க்கு அப்போதும் ஒன்றுதான் எஞ்சும்.

ஒலி காற்றில் செல்வதற்கும் நேரம் ஆகும் என்பதை மறத்தற்கில்லை. அது விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். மேசை ஒரு மூலையிலும் ஸ்பீக்கர் 17 மீட்டருக்கு அப்பாலும் இருந்தால், கூடத்துப் பாட்டு 0.05 விநாடி பிந்தியே வந்து சேரும். ஹெட்போன் பாட்டோ உடனே கேட்கும். இரண்டும் பொருந்திவிட்டதாகப் போடுபவர் நினைப்பார். கூடத்திலோ குதிரைக் குளம்புபோல் இரட்டைத் தட்டல் கேட்கும். ஆதலின் மேசையை ஒரு ஸ்பீக்கருக்கு அருகே, அதன் பின்புறமாகவோ பக்கமாகவோ அமைத்துக்கொள்வது முறை. இடம் அமையவில்லையெனில், கூடத்துப் பாட்டையும் காதுப் பாட்டையும் ஹெட்போனிலேயே கலந்து கேட்கும் விசை செயலியில் உண்டு; அதனைக் கொள்ளலாம்.

அமைப்பு முடிந்தது, இனிச் செவியின் வேலை. அடுத்த பாட்டை இரண்டாவது தட்டில் ஏற்றி, அதன் அருகே உள்ள ஹெட்போன் குறியைத் தொட்டால் அது காதில் ஒலிக்கும். நம் திரைப்பாட்டுக்களில் முன்னிசை நீளம். ஆட்டம் சூடுபிடித்திருக்கையில் புல்லாங்குழல் ஆலாபனை நுழைந்தால் ஆடுவோர் அமர்ந்துவிடுவர். எங்கிருந்து தொடங்கினால் தகும் என்று காதில் கேட்டு, அவ்விடத்தில் 'கியூ' விசையால் அடையாளம் இட்டுவிட வேண்டும். கருநாடக இசை பயின்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதியும் ஓர் இடையூறும் உண்டு. தாளத்தின் எண்ணிக்கையை விடாமல் பிடித்திருப்பது வசதி. ஆனால் பாட்டு எடுக்கும் இடமும் தாளம் தொடங்கும் இடமும் எப்போதும் ஒன்றாக இரா என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அனாகத எடுப்பு என்று கற்றதுதானே! சொல் தொடங்கும் இடத்தில் அடையாளம் இட்டால் தாளம் அரை அடி தள்ளிப்போகும். முழவின் முதல் அடி எங்கே விழுகிறதோ, அங்கே இடுக.

ஐதராபாத்துக்கே உரிய வேறொரு காரணமும் காதால் முன்கேட்பதற்கு உண்டு. இங்கு ஒரு கூட்டத்தில் தமிழர் மட்டும் இருப்பதில்லை. மருமகன் தெலுங்கர், அண்டை வீட்டார் உருது பேசுவோர், அலுவலக நண்பர் இந்திக்காரர். ஒரே மெட்டு இரண்டு மூன்று மொழிகளில் டேப்லெட்டில் ஏறியிருக்கும். 2022இல் வெளிவந்த 'ஆர்.ஆர்.ஆர்.' படத்தில் கீரவாணி இசையமைத்து, 2023இல் ஆஸ்கர் பரிசு பெற்ற ஆட்டப் பாட்டு தெலுங்கில் 'நாட்டு நாட்டு'. தமிழில் 'நாட்டுக் கூத்து'. பட்டியலில் இரண்டுக்கும் முகப்புப் படம் ஏறக்குறைய ஒன்றேதான்; தொடக்கத்து வாத்தியமும் ஒன்றே. எது எந்த மொழி என்று கண் சொல்லாது. குரல் எழும் இடம் வரை ஓட்டிக் காதால் கேட்டே தெளிய வேண்டும். தெளிந்துகொண்டால் ஓர் அழகும் செய்யலாம். வேகமும் மெட்டும் ஒன்றாதலின், முதற் பகுதியைத் தெலுங்கில் ஒலிக்கச் செய்து, அடுத்த பகுதியை அதே அடியில் தமிழுக்கு மாற்றிவிட்டால் சம்பந்திகள் இருபுறமும் எழுந்து ஆடுவர். டேப்லெட்டுக் கலையில் இதைவிட எளிதில் கைகூடும் வெற்றி வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

ஹெட்போனை இரு காதிலும் மாட்டிக்கொண்டு நிற்பது புதியவர் வழக்கம். தேர்ந்தோர் ஒரு செவியை மூடி ஒரு செவியைத் திறந்து வைத்திருப்பர். அப்போதுதான் கூடத்தையும் கேட்க முடியும். அன்றியும், இரு செவியும் மூடியவர் கூடத்துச் சத்தத்தை வெல்லக் காதொலியைக் கூட்டிக்கொண்டே போவார். இது சிறு செய்தியன்று. 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகக் குறையும். அவ்வாறு எண்ணினால் 100 டெசிபலுக்கு எஞ்சுவது 15 நிமிடமே. உலக சுகாதார நிறுவனமும் 2022இல் இசைக் கூடங்களுக்குச் சராசரி 100 டெசிபல் என்று மேல் வரம்பு விதித்துக் காட்டியது. விழா முடிந்து வீடு சென்று படுத்த பின்னும் காதில் 'கொய்' என்று ஒலி நிற்கவில்லையாயின், அன்று வரம்பு மீறிவிட்டது என்று பொருள். காதை நன்றாக மூடும் ஹெட்போன் வெளிச் சத்தத்தைத் தடுப்பதால், குறைந்த ஒலியிலேயே காரியம் நடக்கும்.

சிறு சிறு இடர்கள் சிலவற்றைச் சொல்லிவிடுவோம். பாட்டுக்கு அடியில் 'ங்ங்' என்று ஓர் உறுமல் கேட்டால், டேப்லெட்டை மின்னேற்றும் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றுவிடின், சார்ஜரும் ஆம்பிளிபயரும் மின்னிணைப்பில் வளையமாகச் சேர்ந்துகொண்டன என்று அறியலாம். அதனைத் துண்டிக்கும் 'ஐசோலேட்டர்' என்னும் விரலளவுக் குப்பியைக் கேபிளின் நடுவே இடலாம். அல்லது முன்னரே முழுதும் மின்னேற்றிக்கொண்டு பாட்டரியில் ஓட்டலாம். டேப்லெட்டில் சிம் இருந்தால் விமானப் பயண நிலையில் வைத்துவிடுக. வங்கிக் கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பின் மணியோசை மண்டபம் அதிரக் கேட்பது நன்றாக இராது. பாட்டுக்களை இணையத்தை நம்பாமல் கருவியிலேயே இறக்கி வைத்துக்கொள்க. அடித்தள மண்டபங்களில் இணைப்பு எட்டாது. ஒலியைப் பகுத்த நிலையில் டேப்லெட்டின் பக்கத்திலுள்ள ஒலியளவுப் பொத்தான் கூடத்தையும் காதையும் ஒருசேர மாற்றும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். காதுக்கு ஒலி போதவில்லை என்று அதனை அழுத்தினால் கூடத்தில் பாட்டி திடுக்கிடுவார். பொத்தானை ஒரு நிலையில் நிறுத்திவிட்டு, செயலியில் காதுக்கென உள்ள தனிக் கோட்டை நகர்த்துவதே வழி.

மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே சென்றுவிடுதல் இன்றியமையாதது. ஆளற்ற கூடத்தில் ஒரு பாட்டை ஓடவிட்டு, மற்றொன்றைக் காதில் கேட்டு, நண்பர் ஒருவரைக் கடைசி வரிசையில் நிறுத்தி, 'இரண்டு பாட்டா, ஒரு பாட்டா?' என்று கேளுங்கள். 'ஒன்றுதான்' என்று அவர் கூறினால் அமைப்புச் சரி. சுவர்கள் வெறுமையாக இருக்கையில் எதிரொலி மிகும். மக்கள் வந்து அமர்ந்ததும் பட்டுப்புடவையும் பருத்தி வேட்டியும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது சற்றுக் கூட்ட நேரிடும் என்பதால், சோதனையிலேயே ஆம்பிளிபயரின் திருகை எல்லை வரை திருப்பி வைத்துவிடலாகாது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி இயக்குதல் கூடாது; மூடிய மண்டபத்துக்குள் இயக்கலாம். குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது அவ்விதிகள் குறிக்கும் அளவு. ஐதராபாத்தில் ஊர்வலங்களின் ஓசை பற்றிய முறையீடுகள் பெருகியதன் பின், 2024 அக்டோபரில் மாநகரக் காவல் ஆணையர், சமய ஊர்வலங்களில் டி.ஜே. ஒலியமைப்புக்களுக்குத் தடை விதித்தார். அத்தடை வண்டிகளில் அடுக்கிய பேரொலியை நோக்கியதேயன்றி, சங்கக் கட்டடத்துக்குள் ஒரு டேப்லெட்டும் இரண்டு ஸ்பீக்கரும் வைத்து நடத்தும் விழாவை நோக்கியதன்று. ஆயினும் அயல் மாநிலத்தில் வாழும் நாம், அண்டை வீட்டார் கதவைத் தட்டி வந்து கேட்கும் நிலைக்கு இடம் வைக்கலாகாது. மொட்டை மாடியில் விழா எடுப்போர் இரவு 10 மணிக்குள் பாட்டை நிறுத்திவிடுவது நன்று. கீழே மண்டபத்துள் நடத்துவோரும் சன்னல்களை அடைத்து, தரையை அதிரவைக்கும் கீழ் ஒலியைச் செயலியிலேயே குறைத்துக்கொள்ளலாம். சுவர் கடந்து அயலார் படுக்கை வரை செல்வது அந்தக் கீழ் ஒலிதான்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் கேபிளை உடனே பிடுங்கிவிடாதீர்கள். ஆம்பிளிபயர் உயிரோடு இருக்கையில் பின்னை உருவினால் துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஒலி எழும். ஸ்பீக்கரின் தாளும் கிழியக்கூடும். முதலில் மிக்சரின் விசைகளைக் கீழே இறக்கி, ஆம்பிளிபயரை அணைத்து, பத்து விநாடி பொறுத்து, அதன் பின்னரே டேப்லெட்டின் பின்னைக் கழற்றுக. தொடங்கும்போது இதற்கு நேர்மாறு: டேப்லெட் முதலில், ஆம்பிளிபயர் கடைசியில்.